பேராச்சிக்கு மூக்கு வளைந்த கதை

எறும்பும் நாவாய்ப்பூச்சியும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரியின் ஓரத்தில் ஓர் உடைமரம் நின்றது. குடையை விரித்துப் பிடித்த மாதிரி மரம். அதன் வேரடியில் எறும்புகள் வீடு கட்டியிருந்தன. இப்போது பிள்ளையார் எறும்பு என்கிறோமே, கடிக்காமல் விறுவிறுவென்று ஓடுகிற சின்னக் கறுப்பு எறும்பு, அந்த வகையறா. மேலே, கொழுந்துக் கிளையில், பேராச்சி குடியிருந்தாள்.

பேராச்சி நாவாய்ப்பூச்சிக் குலத்தில் பிறந்தவள். அந்தக் குலத்தில் மூக்குத்தான் வாய். ஊசியாக நீண்ட மூக்கைக் கொழுந்தில் இறக்கிச் சாறு குடிப்பதைத் தவிர வேறு தீனி அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்குப் பேராச்சியைப் பார்த்த கண்ணோடு இன்று அவள் வம்சத்தைப் பார்த்தால், இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். தலை சின்னதாகத் தோளோடு ஒட்டியிருந்தது. கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. மூக்கு எங்கும் வளையாமல் நேராக நீண்டிருந்தது. மடித்த இறக்கைக்கு அடியில் வயிறு முழுக்க அடங்கி, மேலேயிருந்து பார்க்க வெள்ளரி விதை மாதிரி ஒழுங்காக இருப்பாள்.

ஆனால் அவள் மனசுக்குள் மட்டும் ஒரு ஒழுங்கும் இல்லை. காற்று அடித்தால் கிளை முறியுமோ என்று பயப்படுவாள். காற்று நின்றால், இவ்வளவு புழுக்கமாக இருக்கிறதே, பிள்ளைக்கு ஆகுமா என்பாள். புருஷன் என்று ஒருத்தன் இருந்தான். ஒரு மேல்காற்றில் பறந்து போனவன், போனவன்தான். இட்ட முட்டைகளில் குளவிக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. அதற்குச் சீனி என்று பெயர் வைத்தாள். பெண்பிள்ளை. அந்தப் பிள்ளை வளர்ந்து இறக்கை முளைத்துப் பறக்கிறதைப் பார்க்கும்வரை தனக்கு உயிர் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

சீனி வளர்ந்தது எறும்பு வீட்டில். அது அந்தக் காலத்து ஏற்பாடு. பேராச்சி குடித்த சாற்றில் மிஞ்சியது வால்நுனியில் ஒரு சொட்டுத் தேனாகத் திரளும். எறும்புகள் வரிசையாக வந்து அதை வாங்கிக் குடிக்கும். பதிலுக்கு ஓணானும் சிலந்தியும் அண்டாமல் மரத்தைக் காவல் காக்கும். பிள்ளையைத் தங்கள் குஞ்சுகளோடு சேர்த்து நிழலில் வைத்து வளர்க்கும். சீனியை வளர்க்கிற பொறுப்பு உச்சிமாளி என்ற எறும்பினுடையது. அவள் சீனியை வாயில் பூப்போலக் கவ்விக்கொண்டு பொழுது சாயும் நேரத்தில் கிளைக்கு வருவாள். கீழே வைத்த உடனே, "புடிங்க மதினி உங்க மகாராணியை. இன்னைக்கு என் கொம்பை ரெண்டு தடவை மிதிச்சிட்டா," என்பாள்.

"விழுந்துச்சா எங்கயாவது? ஏன் இந்தக் கால் ஒரு மாதிரி இருக்கு?"

"கால் நல்லாத்தான் இருக்கு. உங்க கண்ணுதான் ஒரு மாதிரி இருக்கு."

எறும்புக்கு வயிறு இரண்டு. ஒன்று தனக்கு, இன்னொன்று ஊருக்கு. ஊர் வயிற்றில் சேர்த்து வைத்ததைத் தான் தொடமாட்டாள். பசித்தவள் வாயோடு வாய் வைத்துக் கேட்டால் கொடுத்துவிடுவாள். உச்சிமாளியின் ஊர் வயிற்றில் இருந்ததெல்லாம் பேராச்சியின் தேன்தான். அதிலிருந்து சீனிக்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவாள். தாய் கொடுத்தது தோழி வயிறு வழியாகச் சுற்றிப் பிள்ளைக்கே வந்து சேர்ந்தது. யாருக்கும் குறை இல்லை.

பிறகு மழை பொய்த்தது.

முதலில் கொழுந்து வாடியது. அப்புறம் கிளைநுனி கறுத்தது. பேராச்சி மூக்கை எவ்வளவு ஆழமாக இறக்கினாலும் மரத்தூள்தான் வந்தது. குடிக்கவே இல்லாதபோது மிஞ்சுவது எங்கே? வால்நுனியில் தேன் திரள்வது நின்றது. வாங்க வந்த எறும்புகள் தலையில் நீட்டியிருக்கிற உணர்கொம்பால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

ஒருநாள் வாசல்காரி பிரமு ஏறி வந்தாள். எறும்பு வீட்டு வாசலில் நின்று, வருகிறவள் போகிறவள் எல்லாரையும் கொம்பால் தடவி, நம் வீட்டு வாசனையா என்று பார்த்து உள்ளே விடுவது அவள் வேலை. கறாரான பொம்பளை.

"பேராச்சி, நேத்தும் ஒண்ணுமில்ல, இன்னைக்கும் ஒண்ணுமில்ல. சும்மா காவல் காக்க எங்ககிட்ட ஆள் இல்ல பார்த்துக்க. உன் பிள்ளையை நீயே வெச்சுக்க."

"இந்த வெயில்லயா? கொப்புல ஒரு இலைகூட இல்லையே பிரமு. நிழலுக்கு எங்க போவேன்?"

"அதை என்கிட்டக் கேட்டா? நான் வாசல்காரி."

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த உச்சிமாளி இடையில் புகுந்தாள். "இரு பிரமு. பெரியாத்தாகிட்டப் பேசிட்டுத்தான் வாரேன். தூக்குறதுக்கு ஆள் இல்லாம வாசல்ல கிடக்கே, அதை மதினி தூக்கட்டும். பிள்ளை உள்ளேயே இருக்கட்டும். பெரியாத்தா சரின்னுட்டா."

பெரியாத்தா எறும்பு வீட்டு ராணி; அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை. பேராச்சிக்குப் புரிந்தது. வறட்சியில் எறும்புகள் தினமும் செத்துக்கொண்டிருந்தன. செத்தவர்களை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. தூக்கிக்கொண்டுபோய்த் தள்ளியிருக்கிற பிணமேட்டில் போட வேண்டும். தூக்குகிறவள் அன்றோடு வெளியாள். வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது, யாரையும் தொடவும் கூடாது. முன்னே தூக்கிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருத்தியாகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

தொடக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. எறும்புக்குக் கண் பேருக்குத்தான். கொம்பில் பட்ட வாசனைதான் கண், அதுதான் காது, அதுதான் சாட்சி. ஒருத்தி செத்துவிட்டாளா என்பதையும் அப்படித்தான் முடிவு செய்வார்கள். செத்த வாசனை வந்தால் பிணம். வராதவரை, அசையாமல் விறைத்துக் கிடந்தாலும், உயிரோடு இருக்கிறாள் என்றுதான் கணக்கு. அவளைத் தாண்டிப் போகிறவர்கள், "என்ன, இன்னும் எந்திரிக்கலையா?" என்று விசாரித்துவிட்டுக்கூடப் போவார்கள். அவர்கள் சாமர்த்தியமும் அதுதான், அவர்களுக்கு வந்த கேடும் அதுதான்.

"சம்மதமா?" என்றாள் பிரமு.

பேராச்சி கீழே பார்த்தாள். வேரடியில், வாசல் நிழலில், சீனி ஒரு எறும்புக் குஞ்சைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சம்மதம்," என்றாள்.

அன்றிலிருந்து அவள் மரத்தில் ஏறவில்லை. வாசலில் கிடப்பதை முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போவாள், போட்டுவிட்டு வருவாள். மணல் காலைச் சுட்டது. பேசிப் பழகினவர்கள் எல்லாம் முதுகில் வந்தார்கள். தேன் வாங்கும்போது முதல் ஆளாக நிற்பவள், எப்போதும் கடைசிச் சொட்டுக்குச் சண்டை போடுபவள் என்று ஒவ்வொருத்தியையும் அவளுக்குத் தெரியும். மேட்டில் இறக்கும்போது, போய் வா என்று மட்டும் சொல்வாள்.

ஒரு மத்தியானம், தாகம் தாங்காமல், இறக்கி வைத்தவளின் கழுத்து மடிப்பில் மூக்கை வைத்துப் பார்த்தாள். குத்தலாம் என்று நினைத்துக் குத்தவில்லை. மூக்கு தானாகப் போயிற்று. உள்ளே வெறும் தூசி. அடுத்த நாள் இன்னொருத்தி. கொஞ்சமே கொஞ்சம் ஈரம். அதற்கு மறுநாள் வந்தவளுக்கு ஊர் வயிறு என்று ஒன்று இருந்த இடத்தில் காய்ந்த பிசின்தான் ஒட்டியிருந்தது. எறும்பு செத்தால் சேர்த்து வைத்தது அத்தனையும் அவளோடு காய்ந்து போகிறது. அதை அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். ஒவ்வொரு தடவையும் மூக்கை மணலில் தேய் தேய் என்று தேய்த்துத் துடைத்தாள். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் பார்த்திருப்பார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் உச்சிமாளி சீனியை வாசலுக்கு வெளியே கூட்டிவருவாள். பேராச்சி தள்ளி நிற்பாள். இவள் இங்கே, பிள்ளை அங்கே.

"அம்மா, ஏன் கிட்ட வரமாட்டேங்கிற?"

"அம்மா மேல தூசிடா. அத்தைகிட்டயே இரு." பிறகு உச்சிமாளியிடம், "ஊர் வயித்துல எவ்வளவு கிடக்குட்டி?" என்பாள்.

"கிடக்கு மதினி. சொட்டுச் சொட்டாக் கொடுத்தா மழை வரைக்கும் வரும்."

"மழை எப்ப வரும்?"

"அது எனக்குத் தெரிஞ்சா இங்க ஏன் நிக்கேன்? மேகத்துக்கு மேல ஏறி உக்காந்து எல்லாரையும் அதிகாரம் பண்ணிக்கிட்டிருப்பேன்லா."

பேராச்சி சிரிக்கமாட்டாள். உச்சிமாளியின் வயிறு நேற்றைவிட ஒட்டியிருக்கிறதா என்று அவள் கண் அதிலேயே இருக்கும்.

அந்த நாள் வந்தது சீனி தோல் உரிக்கும் வேளையில்தான். அந்தக் குலத்துப் பிள்ளைகள் வளர வளரச் சட்டை கழற்றுவதுபோலப் பழைய தோலைக் கழற்றும். சீனி வாசலுக்கு வெளியே, வேரைப் பிடித்துக்கொண்டு, கழற்றத் தொடங்கினாள். வெயிலில் தோல் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. எல்லாம் கழன்றது, பின்னங்கால் ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டது.

பேராச்சி எத்தனையோ நாளாக இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

"இழுக்காதே, கால் போயிரும்," என்று உச்சிமாளி சொல்வதற்குள் சீனி வீறிட்டாள். பேராச்சிக்கு அதற்குமேல் தள்ளி நிற்க முடியவில்லை. பாய்ந்து வந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். உச்சிமாளி தோலைக் கவ்வ, இவள் காலைத் தாங்கிக்கொள்ள, மெல்ல மெல்லக் கால் வெளியே வந்தது. முழுசாக வந்தது. பேராச்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு முன்னங்காலாலும் உச்சிமாளியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

உச்சிமாளி அந்தப் பிடிக்குள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அப்புறம்தான், "மதினி, தொட்டுட்டீங்க," என்றாள்.

உள்ளே போகத் திரும்பியவளைப் பிரமு கொம்பால் தடவினாள். மறுபடியும் தடவினாள். வழியை மறித்தாள்.

"இது பிணம்."

"எது?"

"நீதான்."

"பிரமு, நான் பேசிக்கிட்டு இருக்கேன்."

"பேசுது. அதான் எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு."

"கொம்பை நல்லாத் துடைச்சிட்டுப் பாரேன். நான் உச்சிமாளிட்டி. நாம ஒரே நாள்ல முட்டை உடைச்சு வந்தவங்க."

"உச்சிமாளிதான். இல்லைங்கல. செத்த உச்சிமாளி." பிரமுவின் குரல் தணிந்தது. "உள்ளே குஞ்சுகள் கிடக்கு. கோவிச்சுக்காத. இந்தப் பிள்ளை மேலயும் அதே வாசனைதான் வருது."

"தப்பு என் மேல. நான்தான் தொட்டேன்," என்றாள் பேராச்சி.

"அதுக்குத்தான் தொடாதேன்னு சொன்னது. தூக்கிட்டுப் போ. வாசனை போச்சுன்னா வரட்டும். மழை பெஞ்சா கழுவிரும். கழுவின உடனே நானே வந்து கூப்பிடுதேன், போதுமா?"

அப்படித்தான் பேராச்சி உயிரோடு இருக்கிற தோழியை முதுகில் ஏற்றிக்கொண்டு பிணமேட்டுக்குப் போனாள். சீனி பின்னால் தள்ளாடிக்கொண்டு வந்தாள். உரித்த தோலுக்கு அடியில் அவள் உடம்பு வெளிறி, நுங்கு மாதிரி மெத்தென்று இருந்தது.

"நடந்தே வந்திருப்பேன் மதினி. பிணம் நடக்கக்கூடாதாம், என்ன செய்ய," என்றாள் உச்சிமாளி மேலேயிருந்து. "பார்த்துப் போங்க. குலுக்காதீங்க. செத்தவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

மேட்டுக்கு மறுபக்கத்தில் எருக்கஞ்சருகு ஒன்று கிடந்தது. அதன் அடியில் மூவரும் ஒதுங்கி அன்றைய பொழுதைக் கழித்தார்கள். மறுநாள் வெயில் ஏற ஏறச் சருகும் நிழல் தரவில்லை. உச்சிமாளி தன் கொம்பையும் காலையும் வாயால் நீவி நீவித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரம் இல்லாத வாயால் எவ்வளவு துடைப்பது? அவ்வப்போது சீனியைக் கூப்பிட்டு ஒரு சொட்டு ஊட்டினாள்.

"இன்னொரு சொட்டு கொடு," என்றாள் பேராச்சி.

"இப்பத்தானே கொடுத்தேன்."

"பாரு, கால் எல்லாம் மடங்குது. புதுத் தோல் இறுகுமுன்ன காய்ஞ்சா பிள்ளை சுருண்டுரும். உனக்குத் தெரியாது. எங்க குலத்துல நான் பார்த்திருக்கேன்."

"மொத்தமாக் கொடுத்தா நாளைக்கு என்ன செய்ய? மேற்க பாருங்க மதினி. காத்து மாறுது. எனக்குக் கொம்புல படுது." உச்சிமாளி குரல் உலர்ந்திருந்தது. "நான் கொஞ்சம் படுத்துக்கிடுதேன். பிள்ளை கேட்டா எழுப்புங்க."

பேராச்சி மேற்கே பார்த்தாள். அவள் கண்ணுக்கு வெயில்தான் தெரிந்தது.

படுத்தவள் அசையவில்லை. வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. இவள் இப்படியே போய்விட்டால்? போனால் ஊர் வயிற்றில் இருப்பது காய்ந்து பிசினாகிவிடும். யாருக்கும் ஆகாது. அதைப் பேராச்சி தன் மூக்கால் தொட்டுப் பார்த்திருக்கிறாள். இவள் பிழைத்தால்? பிழைத்தால் பிரமு வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா என்பது நிச்சயமில்லை. அப்போதும் தேன் உள்ளே போய்விடும். எந்தப் பக்கம் நினைத்தாலும் சீனி சுருண்டு கிடப்பதுதான் தெரிந்தது. சீனி கேட்கக்கூட இல்லை. சருகடியில் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தாள்.

ஊர் வயிற்றில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று பேராச்சி தீர்மானித்தாள். அது என் தேன்தானே. இவளுடைய வயிற்றைத் தொடவேண்டாம். எடுத்ததும் மூக்கை உருவிவிடலாம். இவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அவள் உச்சிமாளியின் கழுத்து மடிப்பைத் தேடி மூக்கை வைத்தாள்.

உச்சிமாளி அரைத்தூக்கத்தில், "மதினி, தொடாதீங்க. திரும்பவும் வாசனை ஒட்டிக்கிடும்," என்றாள்.

மூக்கு இறங்கிவிட்டது.

முதலில் தேன் வந்தது. மழைக்காலத்துக் கொழுந்தின் ருசி. பேராச்சிக்குக் கண் இருண்டது. பிறகு அது குறைந்து, கரிப்பாக ஒன்று வந்தது. கரித்த உடனே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. இன்னும் ஒரு மடக்கு பிள்ளைக்கு என்று நினைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றுமே நினைக்கவில்லை. மூக்கை உருவியபோது உச்சிமாளியின் வயிறு ஏறி இறங்கவில்லை.

பேராச்சி சீனியிடம் போய், மூக்குநுனியில் திரண்டதை அவளுக்குக் கொடுத்தாள். சீனி குடித்தாள். மடங்கியிருந்த கால்கள் ஒவ்வொன்றாக நீண்டன. வெளிறின உடம்பு கறுத்து இறுகியது. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

"அம்மா, இது அத்தை கொடுக்கிறதைவிட நல்லா இருக்கு," என்றாள். "இன்னும் கொஞ்சம்."

அன்று சாயங்காலமே மழை வந்தது. மேற்கிலிருந்து, உச்சிமாளி சொன்ன பக்கத்திலிருந்தேதான் வந்தது. தேரி முழுக்கச் செம்மண் வாசனை எழுந்தது. பிணமேட்டில் தண்ணீர் ஓடி, தூசியையும் நாற்றத்தையும் அடித்துக்கொண்டு போனது. உச்சிமாளி நனைந்து, பளபளவென்று கிடந்தாள். பேராச்சி மழையையும் உச்சிமாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்திருந்தால். அந்த வெயில் ஒன்று தாழ்கிறவரை.

மழை விட்டதும் பிரமு வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்.

தூரத்தில் அவளைக் கண்டதும் பேராச்சிக்குத் தன் மூக்கு நினைவுக்கு வந்தது. துடைக்க மணல் இல்லை, எல்லாம் சேறு. தலையைக் கவிழ்த்து, மூக்கை மடக்கி, நெஞ்சுக்கு அடியில் திணித்து அமுக்கிக்கொண்டாள். நேர் மூக்கு வில்லாக வளைந்தது. நெஞ்சில் பள்ளம் விழுந்து மூக்குநுனி அதில் போய் உட்கார்ந்தது. வலித்தது. இன்னும் அமுக்கினாள்.

பிரமு உச்சிமாளியைக் கொம்பால் தடவினாள். தலையிலிருந்து வால்வரை தடவினாள்.

"அப்பாடா, வாசனை போயிட்டு," என்றாள். "உயிரோடதான் இருக்கா. எந்திரி உச்சிமாளி, போலாம். பெரியாத்தா கேட்டுக்கிட்டே இருக்கா."

உச்சிமாளி எழுந்திருக்கவில்லை.

"கோவமா? என் மேல கோவப்பட்டு என்ன செய்ய? நீ வாசல்ல நின்னாலும் அதைத்தானே செய்வே." பிரமு பேராச்சியின் பக்கம் திரும்பினாள். "ஏன் பேசமாட்டேங்கிறா? என்ன ஆச்சு இவளுக்கு?"

பேராச்சி வாயைத் திறக்கப் பார்த்தாள். வாய் என்பது மூக்கு. மூக்கு நெஞ்சுப் பள்ளத்தில் மாட்டியிருந்தது. அது பள்ளத்தில் உரசி, கிர்ர் என்று ஒரு சத்தம்தான் வந்தது.

"மழையில நனைஞ்சு தொண்டை கட்டிக்கிட்டுதா? சரி விடு. இவளை யாராவது தூக்கணுமே. களைச்சுக் கிடக்கா."

"நான் தூக்குறேன்," என்றாள் சீனி.

பேராச்சி தலையைத் திருப்பினாள். சீனி உச்சிமாளிக்குக் கீழே நுழைந்து, அவளை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தாள். புதுத் தோல் பிசுபிசுவென்று இருந்ததால் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"அத்தை ரொம்ப லேசா இருக்கா அம்மா," என்றாள் சீனி. "முன்னே அவ என்னைத் தூக்கினாள்ல. இப்ப நான் தூக்குறேன்."

பிரமு முன்னே நடந்தாள். சீனி பின்னால் போனாள். பேராச்சி உடம்பைத் திருப்ப முடியாமல் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்த குடியில் வயிறு உப்பி, இறக்கைக்கு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. பிள்ளை தூரம் போகப் போக அவள் இன்னும் எட்டிப் பார்த்தாள். தலை நீண்டது, தோளுக்கும் தலைக்கும் நடுவில், முன்னே இல்லாத ஒரு கழுத்து, நூல் மாதிரி இழுபட்டு மெலிந்தது.

வாசலில் பிரமு திரும்பி நின்று, வழக்கம்போலத் தடவிப் பார்த்தாள். கொம்பில் பட்டதெல்லாம் உச்சிமாளிதான். கீழே இன்னொருத்தி இருப்பது கொம்புக்குத் தெரியவில்லை.

"நம்ம உச்சிமாளிதான். வழி விடுங்க," என்றாள்.

சீனி உள்ளே போனாள். உள்ளே இருட்டு, மூலை மூலையாக வறட்சிக்குத் தப்பினவர்கள் படுத்திருந்தார்கள். எறும்புக் குஞ்சுகள் கிடந்தன. சீனிக்கு அந்தக் கடைசிச் சொட்டின் ருசி இன்னும் மூக்குநுனியில் இருந்தது. அவளுக்கு மறுபடி பசிக்கத் தொடங்கியிருக்கும் என்று தாய்க்குத் தெரியாதா?

பேராச்சி கூப்பிட்டாள். பிரமு, அவளை விடாதே என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். சொன்னால் பிள்ளையைக் கொன்றுவிடுவார்களே என்றும் பதறினாள். மூக்கு பள்ளத்தில் உரசியது. கிர்ர். கிர்ர்.

பிரமு ஒருகணம் கொம்பைத் தூக்கினாள். பிறகு, "பாவம், தொண்டை நல்லாத்தான் கட்டியிருக்கு," என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் சீனி வெளியே வந்தபோது அவள் முதுகில் உச்சிமாளியோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். கூடு மாதிரி காய்ந்து லேசாக இருந்தார்கள்.

"அத்தைக்குத் துணை," என்றாள் சீனி.

மழைக்குப் பிறகு உடைமரம் மஞ்சளாய்ப் பூத்துத் தளிர்த்தது. பேராச்சி பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளைக்குப் போனாள். பழையபடி சாறு குடிக்கப் பழக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். வளைந்த மூக்கு தளிரில் இறங்கவில்லை; வழுக்கியது. இறங்கினபோதும் அந்தச் சாறு பச்சைத்தண்ணீராகத்தான் இருந்தது. சீனி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே எறும்புகள் வரிசையாகப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் இறங்கினார்கள். அதற்கப்புறம் அவர்கள் குலத்தில் யாரும் தளிரைத் தேடி ஏறவில்லை.

இறக்கை முளைத்த அன்றுதான் சீனி முதுகில் இருந்தவர்களைப் பழைய தோலோடு கழற்றி வைத்தாள். பேராச்சி வேண்டிக்கொண்டது நடந்தது. பிள்ளை பறப்பதை அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்துச் சந்தோஷப்பட்டாளா என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் கிர்ர் என்பாள்.

இன்றும் கல்லைப் புரட்டினால் அவர்கள் இருப்பார்கள். நீண்ட தலையும் நூல் கழுத்தும், இறக்கைக்கு வெளியே பிதுங்கின வயிறுமாக ஒரு பூச்சி தெரிந்தால், கை வைக்காமல் குனிந்து பாருங்கள். வளைந்த மூக்கை நெஞ்சுப் பள்ளத்துக்குள் மறைத்து வைத்திருக்கும். தெரியாமல் எடுத்துவிட்டால் கிர்ர் என்று உரசும். என்ன ஆச்சு இவளுக்கு என்று பிரமு கேட்ட கேள்விக்கு அது இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் இறக்கை முளைக்காத பிள்ளைகள் செத்த எறும்புகளை முதுகில் அடுக்கிக்கொண்டு எறும்பு வரிசைக்குள்ளேயே நடக்கும். எறும்புகள் கொம்பால் தடவிப் பார்த்துவிட்டு, நம்மவள்தான் என்று விலகி வழி விடும். உச்சிமாளியைச் சீனி முதுகில் ஏற்றிக்கொண்ட அந்தச் சாயங்காலத்திலிருந்துதான் இந்தச் சுமை.